இரும்பாலை ஊரில் ஓர் இசைக் குழந்தை

உத்தியோக நிமித்தமாக ஊர் ஊராக மாற்றலாகிப் போன குடும்பங்கள் நம் வாசகர்களில் ஏராளம். அதிலும் பிலாய், பொகாரோ, ரூர்கேலா, தன்பாத் என்று இரும்பையும் நிலக்கரியையும் நம்பி எழுந்த ஊர்களில் பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஊர் சிறியது, சுற்றிலும் காடு, நாள் முழுக்க ஆலைச் சத்தம். ஆனாலும் அங்கே வளர்ந்த குழந்தைகளுக்கு அந்தக் குவார்ட்டர்ஸ்தான் சொந்த ஊர். அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று அவர்கள் அழுத அழுகையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

அப்படி ஒரு குவார்ட்டர்ஸில் பிறந்து, எட்டு வயதில் அதைப் பிரிந்து, கடைசி வரைக்கும் அந்தப் பிரிவை மறக்காத ஒரு பிள்ளையின் கதை இது. பிள்ளையின் பெயர் பியோத்தர் இல்யிச் சாய்கோவ்ஸ்கி. 'ஸ்வான் லேக்', 'நட்கிராக்கர்' ஆகிய நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்த அதே ருஷ்ய மேதைதான். அவருடைய பிற்கால வாழ்க்கையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. இங்கே நாம் பார்க்கப் போவது அவர் வீட்டில் பெத்யா என்று அழைக்கப்பட்ட காலத்தை மட்டும்.

மாஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 1,000 கி.மீ. தொலைவில், காமா நதியின் பக்கத்தில், யூரல் மலைப் பிரதேசத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது வோட்கின்ஸ்க். 1759-ல் அங்கே ஓர் இரும்பாலை எழுந்தது. ஆலையின் சக்கரங்களைச் சுழற்றத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக ஆற்றுக்கு அணை கட்டினார்கள். அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் கடல் போல ஓர் ஏரியாகப் பரந்தது. ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஊர் முழுவதும் அரசாங்கத்தின் சுரங்க இலாகாவுக்குக் கட்டுப்பட்டது. சுரங்கப் பொறியாளர்களுக்கு ராணுவத்தைப் போலவே பதவிப் பட்டங்களும் சீருடையும் உண்டு. தொழிலாளிகளோ ஆலைக்கே கட்டுண்டவர்கள். விட்டுப் போக அவர்களுக்கு உரிமை கிடையாது. அவர்களுக்கு விடுதலை கிடைத்தது 1861-ல்தான்.

இந்த ஆலைக்கு 1837-ல் தலைமை அதிகாரியாக வந்தவர் இல்யா பெத்ரோவிச் சாய்கோவ்ஸ்கி, பெத்யாவின் தகப்பனார். நம் பாஷையில் சொன்னால் ஜெனரல் மேனேஜர். ஆனால் அந்தக் காலத்து ருஷ்யாவின் கோடியில் ஜெனரல் மேனேஜர் என்றால் ஏறக்குறைய ஒரு குறுநில மன்னர். ஏரிக்கரையில் பெரிய பங்களா, வீடு நிறைய வேலைக்காரர்கள், ஏவலுக்கு நூறு கொஸாக் வீரர்கள். மனிதர் பரம சாது. எல்லோரையும் நம்பிவிடும் சுபாவம். இந்தச் சுபாவம் பின்னால் குடும்பத்தைக் கஷ்டப்படுத்தியது.

தாயார் அலெக்ஸாண்ட்ரா ஆந்த்ரேயெவ்னா, இல்யாவின் இரண்டாவது மனைவி. கணவரைவிடப் பதினெட்டு வயது போல் இளையவர். அவருடைய தகப்பனார் வழியில் பிரெஞ்சு வம்சம். அதிகம் பேசமாட்டார், குழந்தைகளைக் கொஞ்சிக் குலாவவும் மாட்டார். ஆனால் பெத்யாவுக்கு அவர்தான் உலகம். மூத்தவன் நிகோலாய் 1838-ல் பிறந்தான். பெத்யா பிறந்தது 1840 மே 7-ந் தேதி. அவனுக்குப் பின் தங்கை ஸாஷா, தம்பி இப்போலித். இரட்டைத் தம்பிகளான அனதோலியும் மொதெஸ்தும் வெகு பின்னால், 1850-ல் பிறந்தவர்கள். இந்த மொதெஸ்துதான் பிற்காலத்தில் அண்ணாவின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதி வைத்தார். பெத்யாவின் பால்யத்தைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும் பகுதி அதிலிருந்து கிடைத்ததுதான்.

குடும்பத்தில் வித்வான்கள் எவரும் இல்லை. தகப்பனார் வாலிபத்தில் புல்லாங்குழல் ஊதியதுண்டு. தாயார் கொஞ்சம் பியானோ வாசிப்பார், இனிமையாகப் பாடுவார். அந்தத் தாயார் 1844-ல் ஒரு காரியமாக நிகோலாயை அழைத்துக்கொண்டு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் போயிருந்தார். வீட்டில் நாலு வயது பெத்யாவும் இரண்டு வயது ஸாஷாவும். அம்மா பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறாள் என்ற பொருளில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டிருப்பதாகத் தகப்பனார் மனைவிக்குக் கடிதம் எழுதினார். சாய்கோவ்ஸ்கி இயற்றியதாக நாம் அறியும் முதல் பாட்டு அதுதான். மெட்டு என்னவென்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பிரயாணத்தின் நோக்கம் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை தேடுவது. கிடைத்தவர் ஃபான்னி டுர்பாக். பிரான்ஸில் மோன்பெலியார் என்ற ஊரைச் சேர்ந்தவர். வயது இருபத்திரண்டு. ரயில் இல்லாத காலம். பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து குதிரை வண்டியில் மூன்று வாரப் பிரயாணம். தெரியாத தேசத்தின் தெரியாத கோடிக்கு ஓர் இளம்பெண் கிளம்பினாள் என்றால் அவள் தைரியத்தை என்னவென்று சொல்வது! வந்து இறங்கியதும் வீட்டார் எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்து கட்டித் தழுவிக்கொண்ட விதத்தில், தானும் அந்த வீட்டுப் பெண்ணாகிவிட்டதாக அவர் உணர்ந்தார்.

நிகோலாய்க்கும் வீட்டில் வளர்ந்த உறவுப் பெண் லிதியாவுக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கத்தான் அவரை நியமித்தது. பெத்யா சின்னவன், அவன் கணக்கில் இல்லை. அவனோ தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அழுது அடம் பிடித்தான். சேர்த்துக்கொண்டார்கள். சீக்கிரத்திலேயே மற்றவர்களைத் தாண்டிவிட்டான். ஆறு வயதில் பிரெஞ்சும் ஜெர்மனும் வாசித்தான். தலை கலைந்திருக்கும், சட்டையில் பொத்தான் இருக்காது. பக்கத்தில் நிகோலாய் அழகாக உடுத்தி நிற்பான். ஆனாலும் ஃபான்னிக்குப் பெத்யாவிடம்தான் தனிப் பிரியம். ஒரு சொல் கடுமையாகச் சொன்னால் போதும், அந்தக் குழந்தை நொறுங்கிப் போகும். மற்றவர்களைக் கண்டிப்பது போல அவனைக் கண்டிக்க முடியாது என்று கண்டுகொண்ட ஃபான்னி, அவனைக் கண்ணாடியால் செய்த குழந்தை என்று சொல்வது வழக்கம்.

அந்தப் பாட நாட்களில் நடந்த ஒரு சம்பவம். பூகோளப் படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பெத்யா, ஐரோப்பாப் படம் வந்ததும் ருஷ்யாவுக்கு முத்தங்கள் கொடுத்தான். பிறகு மற்ற தேசங்களின் மேலெல்லாம் துப்பினான். ஃபான்னி கடிந்துகொண்டார். ருஷ்யர் அல்லாதவர்களும் அதே கடவுளை வணங்கும் மனிதர்கள்தானே, உன் ஆசிரியையே பிரெஞ்சுக்காரிதானே என்று எடுத்துச் சொன்னார். பிள்ளை உடனே பதில் சொன்னான். துப்பும்போது பிரான்ஸைக் கையால் மூடிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லையா என்று கேட்டான்! அவன் வாழ்நாள் முழுவதும் இப்படித்தான். தேசப் பற்றும் தீராத பிரியமும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் இருந்தன.

நோட்டுப் புத்தகங்களில் பிரெஞ்சு மொழியில் கவிதைகள் எழுதினான். பிரார்த்தனைகள், தாயில்லாக் குழந்தைகள், பறவைகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஜோன் ஆஃப் ஆர்க். பிரான்ஸின் அந்த வீராங்கனையைப் பற்றி ஃபான்னியின் பாடத்தில் கேட்டது ஆழப் பதிந்துவிட்டது. முப்பது வருஷங்களுக்குப் பின், 1878-79-ல், அதே ஜோனை நாயகியாக வைத்து அவர் ஓர் இசை நாடகமே எழுதினார்.

இனி சங்கீதத்துக்கு வருவோம். தகப்பனார் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரியான் என்ற இயந்திர வாத்தியம் ஒன்றைத் தருவித்திருந்தார். பார்க்க அலமாரி போல இருக்கும். உள்ளே முட்கள் பதித்த உருளை ஒன்று சுழல, துருத்தியின் காற்று குழல்களில் புகுந்து, ஒரு வாத்தியக் கோஷ்டியே வாசிப்பது போலக் கேட்கும். நம் வீடுகளுக்கு முதல் முதலாக கிராமபோன் வந்தபோது என்ன நடந்ததோ அதேதான் அந்த வீட்டிலும் நடந்தது. ரொசினி, பெல்லினி, டோனிசெட்டி ஆகியோரின் இசைப் பகுதிகள் அதில் உண்டு. முக்கியமாக, மொஸார்ட்டின் 'டான் ஜியோவன்னி'யில் ஸெர்லினா என்ற பெண் பாடும் பாட்டு. அதைக் கேட்டுப் பிள்ளை மெய்மறந்து நின்றான். ஐந்து வயதில் பியானோவில் உட்கார்ந்து, கேட்ட பாட்டைத் தானே தட்டித் தடவி வாசித்தான்.

அருகில் கச்சேரி கிடையாது, சங்கீதப் பள்ளி கிடையாது. மொஸார்ட்டை அந்தக் குழந்தைக்கு அறிமுகம் செய்தது ஒரு பெட்டி. பெரிய ஊரில் பிறந்திருந்தால் நூறு இசைகளுக்கு நடுவே அதுவும் ஒன்றாகப் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறெதுவும் இல்லாத ஊரில் அந்த ஒரு பாட்டு அப்படியே மனதில் தங்கிவிட்டது. மொஸார்ட் அவருக்குக் கடைசி வரை தெய்வ ஸ்தானத்தில்தான் இருந்தார். 1886-ல் பாரிஸில் பாடகி பாலின் வியார்தோவின் வீட்டில், 'டான் ஜியோவன்னி'க்கு மொஸார்ட் தம் கைப்பட எழுதிய பிரதியைப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. நாம் சன்னிதியில் நிற்பது போன்ற நிலையில் அதன் முன் இருந்தார்.

பியானோவை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறானே என்று வீட்டில் கவலை. ஃபான்னிக்குச் சங்கீதத்தில் அவ்வளவு நாட்டமில்லை. வாசித்து முடித்தபின் பிள்ளை படபடத்துச் சோர்ந்து போவதைப் பார்த்து, அது உடம்புக்கு ஆகாது என்று நினைத்தார். பியானோ பக்கம் போகாதே என்றால் விரல்கள் சும்மா இருக்குமா? மேஜை, சுவர், கிடைத்த இடத்திலெல்லாம் தாளம். ஒரு நாள் ஜன்னல் கண்ணாடியின் மேல் வாசித்துக்கொண்டே போய், வேகத்தில் கண்ணாடி உடைந்து கையில் ரத்தக் காயம். அதன் பிறகுதான் பெற்றோர் இவனுக்கு முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்து, மரியா பல்ச்சிகோவா என்ற ஆசிரியையை அமர்த்தினார்கள். அவருக்குத் தெரிந்ததே கொஞ்சம். விரைவிலேயே மாணவன் ஆசிரியைக்குச் சமமாக ஸ்வரக் குறிப்புகளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

ஒரு முறை வீட்டில் விருந்தாளிகள் வந்து, மாலை முழுவதும் பாட்டும் வாத்தியமுமாக இருந்தது. களைத்துப் போய்ப் பிள்ளை சீக்கிரமே மாடிக்குப் படுக்கப் போனான். சற்று நேரம் கழித்து ஃபான்னி போய்ப் பார்த்தால், படுக்கையில் உட்கார்ந்து தேம்பி அழுகிறான். கீழே சங்கீதம் நின்று வெகு நேரமாகிவிட்டது. அவனோ தலைக்குள் அது ஓயாமல் ஒலிக்கிறது, அதிலிருந்து தன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினான். ஏழெட்டு வயதுப் பிள்ளை. ஃபான்னி ஏன் பயந்தார் என்பது நமக்குப் புரிகிறது.

வீட்டுக்கு வெளியே இன்னொரு சங்கீதமும் இருந்தது. கோடைக்கால அந்திகளில் ஏரியில் படகு விடுவார்கள். ஜனங்கள் பாடும் நாட்டுப் பாடல்கள் தண்ணீர் மேல் மிதந்து வரும். ருஷ்ய நாட்டுப் பாடலின் அழகு நாகரிகத்துக்கு வெகு தூரத்தில் கழிந்த பால்யத்திலேயே தன்னுள் ஊறிவிட்டது என்று பிற்காலத்தில் தம்மை ஆதரித்த நதேஷ்தா ஃபொன் மெக் அம்மையாருக்கு அவர் எழுதியிருக்கிறார். அவருடைய சிம்பொனிகளில் வரும் நாட்டுப் பாடல் வாசனைக்கு மூலம் எது என்று இதற்குமேல் தேட வேண்டியதில்லை.

1848-ல் எல்லாம் கலைந்தது. தகப்பனார் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். மாஸ்கோவில் நல்ல வேலை ஒன்று காத்திருந்தது. அந்த விஷயத்தை ஒரு சிநேகிதரிடம் வெள்ளை மனதோடு சொல்லி வைத்தார். இவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மாஸ்கோ போய்ச் சேருவதற்குள் அந்தச் சிநேகிதர் முந்திக்கொண்டு வேலையைத் தட்டிப் போய்விட்டார். மாஸ்கோவிலோ காலரா. அங்கிருந்து பீட்டர்ஸ்பர்க். ஃபான்னியும் உடன் இல்லை, வோட்கின்ஸ்க் பக்கத்திலேயே வேறொரு குடும்பத்தில் வேலைக்குப் போய்விட்டார்.

நிகோலாயையும் பெத்யாவையும் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். காலையில் போனால் மாலையில் திரும்பி, நள்ளிரவு வரை வீட்டுப் பாடம். நாட்டுப்புறத்திலிருந்து வந்த பிள்ளைகள் என்று சக மாணவர்களின் கேலி வேறு. இரண்டு பேருக்கும் மணல்வாரி அம்மை கண்டது. நிகோலாய் தேறிவிட்டான். பெத்யா மாதக் கணக்கில் படுத்தான்.

1849-ல் தகப்பனாருக்கு மறுபடி வேலை கிடைத்தது, யூரல் மலைக்கும் அப்பால் அலபாயெவ்ஸ்க் என்ற இடத்தில். தனியாருக்குச் சொந்தமான இரும்புச் சுரங்கங்களும் ஆலைகளும் உள்ள ஊர். வோட்கின்ஸ்கைக் காட்டிலும் ஒதுங்கியது. அண்ணன் பீட்டர்ஸ்பர்க்கிலேயே படிப்புக்காகத் தங்கிவிட்டான். ஃபான்னி இல்லை. பெத்யா ஆளே மாறிப் போனான். சோம்பல், முன்கோபம், தொட்டதற்கெல்லாம் அழுகை. அவனை என்ன செய்வதென்றே தெரியவில்லை, பார்த்தால் அழுகைதான் வருகிறது என்று தாயார் ஃபான்னிக்குக் கடிதம் எழுதினார். பெத்யாவும் ஃபான்னிக்கு எழுதினான். அவன் மன ஆறுதலுக்கு ஓடிய இடம் பியானோ ஒன்றுதான். பெற்றோர் அதைப் படிப்புக்கு இடைஞ்சலாகப் பார்த்தார்களே தவிர, அதுவே ஒரு படிப்பு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். அன்றைய ருஷ்யாவில் சங்கீதத்தைத் தொழிலாகக் கற்பிக்கும் கல்லூரியே கிடையாது. பீட்டர்ஸ்பர்க்கில் முதல் இசைக் கல்லூரி திறந்தது 1862-ல்தான். பிள்ளை சர்க்கார் உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று எந்தத் தகப்பனார்தான் நினைக்கவில்லை?

எனவே 1850 ஆகஸ்டில் தாயார் பத்து வயதுப் பெத்யாவை அழைத்துக்கொண்டு பீட்டர்ஸ்பர்க் போனார். சட்டப் பள்ளியின் ஆரம்ப வகுப்பில் சேர்த்தார். சில வாரங்கள் உடன் தங்கியிருந்தார். கிளின்காவின் இசை நாடகம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். பிறகு ஊர் திரும்பும் நாள் வந்தது. அன்றைய வழக்கப்படி, ஊர் எல்லையில் உள்ள சுங்கச் சாவடி வரை வழியனுப்பப் போனார்கள். அதுவரை கண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருந்த பிள்ளை, தாயாரின் வண்டி கிளம்பும் சமயத்தில் வெறி பிடித்தவன் போல் அவரைக் கட்டிக்கொண்டான். பலவந்தமாகப் பிரித்தார்கள். வண்டி நகர்ந்தது. உதறிக்கொண்டு ஓடி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். அந்த இடத்தைக் கடந்து போக நேர்ந்த போதெல்லாம் அன்றைய வேதனை திரும்ப வந்ததாக அவர் கடைசி வரை சொல்லி வந்தார்.

அலபாயெவ்ஸ்க் அங்கிருந்து 1,800 கி.மீ.க்கு மேல். பிள்ளையை ஹாஸ்டலில் விட்டு வந்த தாய்மார்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

துயரம் அத்தோடு நிற்கவில்லை. பள்ளியில் செங்காய்ச்சல் பரவியது. குடும்ப நண்பர் ஒருவர் பெத்யாவைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். பெத்யாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த நண்பரின் மூத்த மகனுக்குக் காய்ச்சல் தொற்றி அவன் இறந்து போனான். பெற்ற மனம் புண்பட்டிருந்தும் அவர்கள் இவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தன்னால்தான் அந்தச் சாவு என்ற எண்ணம் பத்து வயதுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. மறு வருஷம் பள்ளிப் பியானோவில், தாயார் முன்பு பாடும் 'நைட்டிங்கேல்' என்ற பாட்டை வாசித்தபோது, அலபாயெவ்ஸ்கில் அதை வாசித்த நாட்கள் நினைவுக்கு வந்து தாங்க முடியாத வருத்தம் உண்டானதாக வீட்டுக்கு எழுதினான்.

1852-ல் குடும்பம் பீட்டர்ஸ்பர்க்குக்கே வந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சேர்ந்திருந்தது இரண்டே வருஷம். 1854 ஜூனில் தாயார் காலராவில் காலமானார். வயது நாற்பத்தொன்று. பெத்யாவுக்குப் பதினாலு. இந்தச் செய்தியை ஃபான்னிக்கு எழுத அவனுக்கு இரண்டரை வருஷம் பிடித்தது. அதே 1854-ல் அவன் எழுதிய ஒரு சிறு வால்ட்ஸ்தான் அவருடைய படைப்புகளில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது. அலபாயெவ்ஸ்கில் ஃபான்னிக்குப் பிறகு பாடம் சொல்லிக் கொடுத்த அனஸ்தாசியா பெத்ரோவா என்ற ஆசிரியைக்கு அதைச் சமர்ப்பித்தான்.

பிறகு நடந்தது உலகம் அறிந்தது. சட்டம் படித்தார், நீதி இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தார், 1863-ல் வேலையை உதறினார், புதிய இசைக் கல்லூரியில் பயின்று 1865-ல் தேறினார். தகப்பனாரைப் போலச் சுரங்கப் பொறியாளரானவர் அண்ணன் நிகோலாய்.

வோட்கின்ஸ்க் வீட்டை 1940-ல், அவருடைய நூற்றாண்டின்போது, நினைவில்லமாக்கினார்கள். அதே ஊரின் ஆலைதான் பின்னால் ஏவுகணைகள் செய்யும் ஆலையாக ஆயிற்று. 1987-ல் ஏற்பட்ட ஏவுகணை ஒப்பந்தப்படி, ஆலை வாசலில் 1988 முதல் 2001 வரை அமெரிக்கப் பரிசோதகர்கள் உட்கார்ந்து வெளியே போகும் சரக்கைக் கண்காணித்தார்கள். ஸெர்லினாவின் பாட்டு ஒலித்த ஊர்தான் இது என்பதை எண்ணிப் பார்க்க விசித்திரமாக இருக்கிறது.

ஃபான்னி என்ன ஆனார்? ருஷ்யாவை விட்டுச் சொந்த ஊரான மோன்பெலியாருக்குத் திரும்பி, சகோதரியோடு வசித்துக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தார். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதே சாய்கோவ்ஸ்கிக்கு 1892-ல்தான் தெரிய வந்தது. கடிதங்கள் போயின, வந்தன. 1893 ஜனவரி முதல் தேதி அவரைப் பார்க்கப் போனார். போவதற்கு முன் பயம். நாற்பத்து நாலு வருஷம் கழித்து ஒரு கிழவியின் முன்னால் போய் நின்றால் கண்ணீரும் ஆர்ப்பாட்டமுமாக இருக்குமே என்று தயங்கினார். அப்படி எதுவும் நடக்கவில்லை. எழுபது வயதான ஃபான்னி, போன வருஷம்தான் பார்த்தது போல எளிமையாக, அன்பாக வரவேற்றார்.

பிறகு உள்ளே போய் நோட்டுப் புத்தகங்களை எடுத்து வந்தார். பெத்யாவின் பிரெஞ்சுக் கவிதைகள், பாடப் பயிற்சிகள், அலபாயெவ்ஸ்கிலிருந்து எழுதிய கடிதங்கள், எல்லாம் பத்திரமாக இருந்தன. தாயார் எழுதிய கடிதங்களும் இருந்தன. வோட்கின்ஸ்கின் காற்றையே சுவாசித்தது போலவும் தாயாரின் குரலைக் கேட்டது போலவும் இருந்தது என்று, அதே ஆசிரியையிடம் படித்த அண்ணன் நிகோலாய்க்கு அவர் எழுதினார். மறுநாளும் போய் ஃபான்னியோடு இருந்தார். விடைபெறும்போது தாயாரின் கடிதங்களில் ஒன்றை ஃபான்னி அவருக்கே கொடுத்துவிட்டார்.

அதே வருஷம் நவம்பர் 6-ந் தேதி பீட்டர்ஸ்பர்க்கில் சாய்கோவ்ஸ்கி காலமானார். ஃபான்னி 1901 வரை இருந்தார்.